பூவைப் படம் எடுப்போம், கிழங்கைத் தொட வேண்டாம்

(திருகோணமலைக்கு யாத்திரை வந்த தோட்டக் குடும்பங்களுக்குக் குச்சவெளியில் ஆற்றிய உரை)



கோணேசரைத் தரிசித்துவிட்டு, நிலாவெளியையும் தாண்டி இந்தக் கடற்கரைக்கு வந்திருக்கிறோம். வரும் வழியில் பற்றைக்காட்டு ஓரத்தில் நெருப்பு மாதிரி ஒரு சிவப்புப் பூவைக் கண்டதும் பிள்ளைகள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதுதான் கார்த்திகைப்பூ. செங்காந்தள் என்பதும் இதுவே. சிங்களத்தில் நியங்கலா என்பார்கள்.

குளிர் நாடுகளில் பனி கரைந்தால் வசந்தம். இந்தக் கரையில் வசந்தம் மழையோடுதான் வரும். ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவமழை விழுந்ததும், கோடை முழுக்க மண்ணுக்குள் உறங்கிய கிழங்கு முளைவிட்டுக் கொடியாகப் படரும், பூக்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் சொல்லும் 99 பூக்களில் முதல் பூ இதுதான். மலைக்குரிய பூ என்று பாடப்பட்டது, கடலோர மணலிலும் பூக்கிறது பாருங்க! தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுதான்.

படம் எடுப்பதற்குப் பூவைப் பறிக்கத் தேவையில்லை. பூ கீழ்நோக்கித் தொங்கும், ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். அதனால் நின்றபடி எடுக்காமல், குந்தியிருந்து பக்கத்திலிருந்து எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் சிவப்பு ஒரே திட்டாகத் தெரியும், இதழின் நெளிவு விழாது. காலை நேரமோ, மேகம் போட்ட நேரமோ நல்லது. ஒரே பூவைச் சில நாள் தொடர்ந்து எடுத்தால் அதிசயம் தெரியும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், அப்புறம் செம்மஞ்சள், கடைசியில் முழுச் சிவப்பு.

இலையையும் சேர்த்து எடுங்கள். இலையின் நுனி சுருண்டு, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூ இல்லாத நாளில் இந்தக் கொடியை அடையாளம் காட்டுவது அந்த நுனிதான்.

அடையாளம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்தச் செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் அது அதிகம். கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் உண்டு. வற்றாளைக் கிழங்கு என்று எண்ணி அவித்துச் சாப்பிட்டவர்கள் நம் நாட்டில் இறந்திருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு போகாது. அதிலுள்ள கொல்ச்சிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, மிகச் சிறிய அளவில், கவுட் என்ற மூட்டு வீக்கத்துக்கு மருந்தாக்குகிறார்கள். தமிழ்நாட்டில் மூலனூர்ப் பக்கத்தில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். அளவு பார்த்துக் கொடுப்பது வைத்தியரின் வேலை, வீட்டு வைத்தியம் இதில் வேண்டவே வேண்டாம்.

மலைநாட்டில் தாழ்வான பக்கத்துத் தோட்டங்களிலும் வேலியோரம் இந்தக் கொடி வளரும். பெரியவர்கள் கொழுந்து பறிக்கப் போன நேரத்தில் லயத்துப் பிள்ளைகள் மண்ணைக் கிண்டி விளையாடுவது நமக்குத் தெரியும்தானே.

யாராவது தின்றுவிட்டால் வாந்தி, வயிற்றோட்டம் வரச் சில மணி நேரம் ஆகலாம். 'ஒன்னும் ஆகலையே' என்று காத்திருக்காதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வர நேரமாகும் என்றால் கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மிச்சமுள்ள கிழங்கையோ, செடியின் படத்தையோ கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன தின்றார்கள் என்பது டாக்டருக்கு உடனே புரியும், வீணாகும் நேரம் மிச்சமாகும்.

ஆகவே, இன்று எடுத்த படங்களை ஃபோனிலேயே வைத்திருங்கள். தோட்டத்துக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரருக்கும், பிள்ளைக் காப்பகத்து அம்மாவுக்கும் காட்டுங்கள். 'பூ அழகு, கிழங்கு நஞ்சு' என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.