நெஞ்சில் ஒரு சிறு கருவி

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்க்கு நோய் வந்தால், நோயோடு மொழியும் ஒரு துன்பமாக வந்து சேர்கிறது. மருத்துவர் ஒன்றைச் சொல்கிறார். பெற்ற தாய் வேறொன்றைப் புரிந்துகொள்கிறாள். மத்திய அரசில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், அத்தகைய ஒரு வேளையில் நடுவே நின்று ஒரு சொல்லில் தவறிவிட்டோம். அதை முன்னிட்டே, வலிப்பு நோய்க்கு இக்காலத்தில் செய்யப்படும் ஒரு நரம்புச் சிகிச்சையைப் பற்றி இன்று பேச முற்படுகிறோம்.

காக்காய் வலிப்பு என்று நம் ஊர்களில் வழங்கும் இந்நோய், உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் மெல்லிய மின்துடிப்புகளால் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அவ்வொழுங்கு குலைந்து, எண்ணற்ற அணுக்கள் ஒருசேரக் கிளர்ந்தெழுவதே வலிப்பு. அது சாபமும் அன்று, தொற்றுநோயும் அன்று. கையில் சாவிக்கொத்தைத் திணித்தால் நிற்கும் என்பதும் வீண் நம்பிக்கையே. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்கிவிடுகின்றன. பெயர் மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது! விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்திருப்பதே நாம் செய்யத்தக்கது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

சமூகம் மட்டுமன்று, சட்டமும் ஒரு காலத்தில் இந்நோயாளரை ஒதுக்கியே வைத்திருந்தது. திருமணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் இருந்த 'வலிப்பு' என்னும் சொல் 1999-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. சட்டங்களின் வாசகங்களோடு நாள்தோறும் பழகும் நமக்கு, ஒரே ஒரு சொல்லின் நீக்கம் எத்தனை வீடுகளின் கதவைத் திறந்திருக்கும் என்று அடிக்கடி தோன்றுவதுண்டு.

நோயாளரில் மூன்றில் இரு பங்கினர்க்கு மாத்திரைகளே போதுமானவை. எஞ்சியவர்க்கு அவை கட்டுப்படுவதில்லை. நோய்க்குத் தக்கவாறு தேர்ந்து, முறையாகக் கொடுக்கப்பட்ட இரண்டு மருந்துகள் பயன் தராவிடில், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பது 2010-இல் வகுக்கப்பட்ட இலக்கணம். இத்தகையோர்க்கு, வலிப்பு தோன்றும் இடம் மூளையில் ஒன்றே என்று தெரிந்து, அதனை அகற்றுவதால் தீங்கில்லை என்றும் தெரிந்தால், அறுவைச் சிகிச்சையே முதலில் எண்ணத்தக்கது. அது நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. 1952-ஆம் ஆண்டிலேயே வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அதனைச் செய்து காட்டினார். இடம் ஒன்றாயில்லாமல் பலவாயின் கத்தி அங்குச் செல்ல இயலாது. அப்போதுதான் வேகஸ் நரம்பின் துணையை நாடுகிறார்கள்.

வேகஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு 'அலைவது' என்று பொருள். மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியே இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை என்று அலைந்து திரிவதால் அந்நரம்புக்கு இப்பெயர். அதன் இழைகளில் பெரும்பாலானவை மூளையிலிருந்து ஆணை கொண்டு வருபவை அல்ல, மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. எனவே கழுத்தில் அந்நரம்பைத் தூண்டினால், மண்டையைத் திறக்காமலே மூளையைத் தொட்டுவிடலாம். 1938-இல் பெய்லி, பிரெமர் என்னும் இருவர், பூனைகளில் இந்நரம்பைத் தூண்டினால் மூளையின் மின்னலைகள் மாறுவதைக் கண்டனர். 1980-களில் அமெரிக்காவில் ஜேக்கப் ஜபாரா, நாய்களுக்கு வந்த வலிப்பை இவ்வழியே அடக்கினார். 1988-இல் வட கரோலினாவில் முதன்முதலாக ஒரு மனிதருக்குக் கருவி பொருத்தப்பட்டது. 1997-இல் அந்நாட்டு அரசு இசைவளித்தது.

இடது காறை எலும்பின் கீழ், தோலுக்கடியில் ஒரு சிறு மின்கலப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி தோலின் கீழேயே சென்று, கழுத்தின் இடப்புற வேகஸ் நரம்பைக் கொடிபோல் சுற்றிக்கொள்கிறது. இதயத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் பகுதிக்கு வலப்புற நரம்பே மிகுதியாகச் செல்வதால் இடப்புறத்தைத் தேர்கிறார்கள். வழக்கமாக 30 விநாடி துடிப்பு, 5 நிமிட ஓய்வு என்று இரவும் பகலும் அது இயங்குகிறது. மின்னோட்டத்தை முதலில் மிகக் குறைவாக வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உயர்த்துகிறார்கள். மூளைக்குள் அது வலிப்பை எவ்வாறு தணிக்கிறது என்பது விஞ்ஞானிகளுக்கே இன்னும் முற்றும் விளங்கவில்லை.

இனி நம் பிழைக்கு வருவோம். தில்லியில் எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். பதினான்கு வயது மகளுக்கு வாரத்துக்கு மூன்று நான்கு முறை வலிப்பு. மூன்று மருந்துகள் மாற்றியாயிற்று. மூளையின் இருபுறமும் கோளாறு என்பதால் அறுவைக்கும் வழியில்லை. தந்தை வேலை நிமித்தம் வெளியூரில். தாய்க்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. மருத்துவர் இந்தியில், "ஆராம் மிலேகா" என்றார். "குணமாகிவிடுமா, அண்ணா?" என்று அந்த அம்மாள் நம் முகத்தைப் பார்த்தார். "குணம் கிடைக்கும் என்கிறார், அம்மா" என்றோம்.

இந்தி அறிந்த நேயர்கள் பிழையை இதற்குள் கண்டிருப்பார்கள். அவர் சொன்னது நிவாரணம். நாம் சொன்னது குணம். அலுவலகக் கோப்பு ஒன்றில் இவ்வாறு எழுதியிருந்தால் நாமே சிவப்பு மையால் அடித்திருப்போம். வீடு திரும்பியபின் சம்மதப் படிவத்தைப் படிக்கையில்தான் உறைத்தது. பல லட்ச ரூபாய்ச் செலவு. நகைகளை அடகு வைக்கத் துணிந்திருந்தார்கள். அன்றிரவு உறக்கம் வரவில்லை. காலையில் சென்று, "அம்மா, குணமாகாது, குறையலாம் என்பதே அவர் சொன்னது" என்றோம். அவர் கோபித்திருந்தாலும் தகும். நெடுநேரம் பேசாதிருந்து, "எவ்வளவு குறையும்?" என்று மட்டும் கேட்டார்.

மீண்டும் மருத்துவரிடம் சென்றோம். இம்முறை ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்தோம். கருவி பொருத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஓரிரு ஆண்டுகளில், வலிப்பு பாதியோ அதற்கு மேலோ குறைகிறது, அடியோடு நிற்பது வெகு சிலர்க்கே, சிலர்க்குப் பயனே இராது, மாத்திரைகளை நிறுத்தலாகாது, மின்கலம் தீர்ந்தால் சில ஆண்டுகளில் மீண்டும் ஒரு சிறு அறுவை, துடிப்பின்போது குரல் கரகரக்கும், இருமல் வரலாம், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கருவி இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கேட்டபின், "பாதி குறைந்தால் பள்ளிக்கூடம் போவாளே" என்று தாய் கையெழுத்திட்டார்.

முதல் மூன்று மாதங்கள் ஒரு மாற்றமும் இல்லை. அந்நாட்களில் அவ்வீட்டைக் கடந்து போகவே நமக்குக் கூச்சமாயிருந்தது. ஓராண்டுக்குப்பின் வாரத்துக்கு ஒன்று என்றாயிற்று; வந்தாலும் விரைவில் தெளிகிறாள். ஒருமுறை கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகையில், ரயிலில் இரண்டு வேளை மாத்திரை தவறி, உறக்கமும் கெட்டு, நாக்பூர் தாண்டியதும் பெரிய வலிப்பு வந்தது. நீண்ட பயணம் செய்யும் நம்மவர் மாத்திரைப் பையை மேலே உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டாமல், மடியிலேயே வைத்திருக்க வேண்டும்.

கருவியோடு ஒரு காந்தமும் கொடுக்கிறார்கள். வலிப்பு வரும் அறிகுறி தோன்றியதும் நெஞ்சின்மேல் அதனை ஒருமுறை வீசிக் காட்டினால், கருவி கூடுதலாக ஒரு துடிப்பைத் தரும். எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாலோ துடிப்பு நின்றிருக்கும். எடுத்ததும் மீண்டும் தொடங்கும். அப்பெண்ணுக்குப் பாட்டில் விருப்பம் மிகுதி. குரல் கரகரக்கிறதே என்று அவள் வருந்தியபோது, பாடும் சிறு பொழுதுக்கு அவ்வாறு செய்துகொள்ள மருத்துவர் இசைந்தார். சென்ற நவராத்திரியில் எங்கள் வீட்டுக் கொலுவின் முன் அமர்ந்தாள். தாய் அருகிலிருந்து காந்தத்தை அவள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். முழுப் பாட்டையும் பாடி முடித்து, "அம்மா, இனி எடுத்துவிடு" என்றாள்.