இரண்டு செயலிகளும் ஒரு தாய்ப்பலகையும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கடற்படைக் கலங்களுட் பல இரட்டைச் சுழலிகள் பூட்டியவை. ஒரு சுழலி பழுதுற்றாலும் மற்றொன்றின் துணைகொண்டு கலம் மெல்லவேனும் கரை சேரும். இதனைக் கண்டு பழகிய ஊரில், இரண்டு மூளைகள் உடைய கணினி ஒன்று உண்டு எனக் கேள்வியுறுவோர், அதுவும் அவ்வகையினதே என்று எண்ணுதல் இயல்பு. ஒரு மூளை அயர்ந்தால் மற்றது வேலையை ஏற்கும் என்ற நம்பிக்கையிலேயே பலர் அதற்குப் பெரும் பணம் செலவிடுகின்றனர். அந்த நம்பிக்கை பிழையானது. வழமையாக விற்கப்படும் இரட்டைச் செயலிக் கணினியில் ஒரு செயலி வேலை நடுவே செயலிழந்தால், முழுக் கணினியுமே நின்றுவிடும்.

அப்படியாயின் இரண்டாவது செயலி எதற்கு? வேலையைப் பங்கிட்டுச் செய்வதற்கு. கூடுதலான நினைவகத்தையும் கருவிகளையும் ஒரே பெட்டிக்குள் இணைப்பதற்கு. சரக்கு விடுவிக்கும் அலுவலகமோ மருத்துவமனையோ கூட்டுறவுச் சங்கமோ தன் பதிவேடுகளை எல்லாம் ஒரு பொதுக் கணினியில் வைத்துப் பலரும் ஒரே வேளையில் பயன்படுத்தும்போது, அப்பொதுக் கணினியைச் சேர்வர் என்பர். அதனுள் கிடக்கும் பெரிய மின்சுற்றுப் பலகையே தாய்ப்பலகை. கணக்கிடும் சில்லாகிய செயலியும், நினைவகத் தகடுகளும், வன்தட்டுகளும் அதிலேயே வந்து கூடுகின்றன.

ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை ஒரே நினைவகத்தோடு பிணைக்கும் எண்ணம் புதியதன்று. 1962 இல் பரோஸ் நிறுவனம் அமெரிக்கப் படைத்துறைக்காக ஆக்கிய டி825 என்னும் கணினி நான்கு செயலிகள் வரை ஏற்றது. 1995 இல் வெளிவந்த பென்ரியம் புரோ செயலி, இவ்வமைப்பை மேசையளவுப் பெட்டிகளுக்கும் கொண்டுவர உதவியது. அந்நாளில் இரண்டு செயலிகளும் ஒரே பாதை வழியாக ஒரே நினைவகத்தை அணுகின. இரு வீட்டாருக்கும் ஒரே கிணறு போன்ற நிலை அது. ஒருவர் இறைக்கும்போது மற்றவர் காத்து நிற்க வேண்டும். 2003 இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஒப்ரரோன் செயலியும், 2009 இல் இன்ரெல் நிறுவனத்தின் சியோன் 5500 வரிசையும் இந்நிலையை மாற்றின. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கிணறு தோண்டப்பட்டது. இரு வீடுகளுக்கும் இடையே விரைவான ஒரு பாலமும் போடப்பட்டது. தன் கிணற்று நீர் உடனே கிடைக்கும். அடுத்த வீட்டு நீருக்குப் பாலம் கடந்து செல்ல வேண்டும், அதற்குச் சற்றுக் கூடுதலான நேரம் ஆகும்.

இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால், தாய்ப்பலகையோடு வரும் கையேட்டின் விதிகளுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் விளங்கிவிடும். நினைவகத் தகடுகள் எட்டு இருப்பின், நான்கை ஒரு செயலியின் பக்கமும் நான்கை மற்றதன் பக்கமும் செருக வேண்டும். எட்டையும் ஒரே பக்கத்தில் அடுக்கினாலும் பல பலகைகள் இயங்கவே செய்யும். ஆனால் இரண்டாவது செயலி ஒவ்வொரு சொட்டுக்கும் பாலம் கடக்கும். வாங்கியவர் வேகக் குறைவை உணர்வார், காரணத்தை உணரார். தகடுகள் யாவும் ஒரே வகையினவாகவும் ஒரே அளவினவாகவும் இருத்தல் நன்று. செயலிகள் இரண்டும் ஒரே மாதிரியினவாக இருத்தல் கட்டாயம்.

சுமையைச் சமன்செய்யாமையின் விளைவைத் திருகோணமலைத் துறைமுகம் ஒருமுறை கண்ணாரக் கண்டதுண்டு. 1944 ஆகஸ்ட் 8 ஆம் திகதி, பிரித்தானியரின் வலியன்ற் என்னும் பெரும் போர்க்கப்பல் இங்குள்ள மிதக்கும் துறையில் ஏற்றப்பட்டது. மிதக்கும் துறை என்பது நீர்த்தொட்டிகள் பல கொண்ட ஒரு பெருந் தெப்பம். தொட்டிகளில் நீரை நிரப்பினால் அது தாழும்; கப்பல் உள்ளே வந்தபின் நீரை இறைத்தால் கப்பலையும் சுமந்து மேலெழும். அன்று கப்பலின் எடை பரவியிருந்த முறைக்கு ஒவ்வாத வரிசையில் தொட்டிகள் இறைக்கப்பட்டன. கப்பலிலோ வெடிப்பொருள்கள் நிறைந்திருந்தன. துறையின் இரு முனைகளிலும் அழுத்தம் மிகுந்து அது முதுகு முறிந்து மூழ்கியது. வலியன்ற் மிதந்து தப்பியதாயினும், அதன் உட்சுழலிகள் இரண்டும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின. தொட்டிகளிலும் இயந்திரங்களிலும் குறை இருக்கவில்லை. வரிசையே தவறியது.

தாய்ப்பலகையைப் பொருத்தும் வேலையிலும் வரிசை தவறுவதே பெருங் கேடு. முதலில் பெட்டியின் அடித்தகட்டிலுள்ள பித்தளைத் தூண்களைப் பார்க்க வேண்டும். பலகையில் எங்கெங்கு துளை உண்டோ அங்கங்கே மட்டும் தூண் நிற்கலாம். துளையற்ற இடத்தில் ஒரு தூண் மிஞ்சி நின்றால், அது பலகையின் அடிப்புறச் சுற்றைத் தொட்டு மின்கசிவை உண்டாக்கும். இரட்டைச் செயலிப் பலகைகள் சாதாரணப் பலகைகளிலும் பெரியவை. ஒரே நீள அகலம் உடைய இரு பலகைகளிற்கூடத் துளைகள் வேறு வேறு இடங்களில் அமைவதுண்டு. ஆதலால் பெட்டியை வாங்குமுன் அளவை மட்டுமன்றித் துளைகளின் அமைப்பையும் ஒப்பிடல் வேண்டும்.

அடுத்தது செயலியின் இருக்கை. இன்றைய சேர்வர்ச் செயலிகளின் அடியில் ஊசிகள் இல்லை. ஊசிகள் பலகையின் இருக்கையிலேயே உள்ளன. 2017 இல் வெளிவந்த இன்ரெல் இருக்கை ஒன்றில் 3,647 தொடுமுனைகள். அதே ஆண்டு ஏ.எம்.டி. வெளியிட்ட இருக்கையில் 4,094. தலைமயிர் போன்ற இவற்றுள் ஒன்று வளைந்தாலும் ஒரு நினைவகத் தகடு காணாமற் போகலாம், அல்லது பலகை முழுவதுமே உயிர்பெற மறுக்கலாம். கைவிரல் அங்கே படலாகாது. செயலியைச் சரிய விடாமல், மூலைக் குறிகளைப் பொருத்தி, நேர்கீழாக இறக்க வேண்டும். ஏ.எம்.டி. இருக்கையின் மூடியிலுள்ள மூன்று திருகாணிகளுக்கு 1, 2, 3 என எண்களே இடப்பட்டுள்ளன. இறுக்குவது அவ்வரிசையில், கழற்றுவது மறுவரிசையில். ஒரே ஒரு செயலியைத்தான் இப்போது வாங்க முடியும் எனின், அதனை முதலாம் இருக்கையிலேயே வைக்க வேண்டும். இரண்டாம் இருக்கை வெறுமையாக உள்ள வரையில் அதனைச் சேர்ந்த நினைவகக் குழிகளும் இணைப்புக் குழிகளும் உயிரற்றே கிடக்கும். வெற்று இருக்கையின் பிளாஸ்ரிக் மூடியையும் எறிந்துவிடலாகாது.

வெப்பம் வெளியேறும் திசையையும் கவனித்தல் வேண்டும். பல பெட்டிகளில் ஒரு செயலியின் பின்னால் மற்றது அமைகிறது. முன்னதைத் தொட்டுச் சூடாகிய காற்றே பின்னதைக் குளிர்விக்க வரும். மின்விசிறிகள் யாவும் ஒரே திசையில் ஊதாவிடின் பின்னது ஓயாமற் காயும். மின்சாரத்தைக் கொண்டுவரும் எட்டு முனைச் செருகிகளும் செயலிக்கு ஒன்றாகத் தனித்தனியே வருவன. அவற்றுள் ஒன்றைச் செருக மறப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் குறை.

இவையெல்லாம் எவ்வூருக்கும் பொது. திருகோணமலைக்கே உரிய இடர்கள் காற்றோடு வருகின்றன. வாடை வீசும் மாதங்களில் காற்றில் ஈரம் மிகும். கடலுப்பும் அதிற் கலந்திருக்கும். மழைக்காலத்தில் அடுப்பங்கரை உப்புச் சாடி தானே கசிவதை இல்லத்தரசியர் அறிவர். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்பு நீரை ஈர்த்துக் கரையும். நிலாவெளியில் உப்பு விளைவிப்போர் அஞ்சும் அதே இயல்பு, சுற்றுப்பலகையில் படிந்த உப்புத் துகளிலும் நிகழ்கிறது. அங்கே அது செம்பை அரிக்கும் நீராகிறது. கடல் நோக்கிய சாளரத்தருகே சேர்வரை வைப்பது ஆகாது. பகலில் குளிரூட்டியை இயக்கி இரவில் அணைத்துவிடும் வழக்கம் அதனினும் தீது. குளிர்ந்த உலோகத்தின் மீது ஈரக்காற்றுப் பட்டதும் பனித்துளி படியும். குளிர்ந்த வண்டியில் வந்த பொதியையும் சில மணி நேரம் மூடியபடியே அறையில் வைத்திருந்த பின்னரே பிரிக்க வேண்டும்.

கச்சான் வீசும் மாதங்களில் இடர் நேர்மாறானது. நண்பகலில் காற்று உலர்ந்து அனல் பறக்கும். அவ்வேளையில் உடையும் இருக்கையும் உராய்வதால் உடலில் நிலைமின்னேற்றம் சேரும். மனிதர் விரல்நுனியில் சுருக்கென உணர்வதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ற்று வேண்டும். சில நுண்சில்லுகளோ 100 வோல்ற்றுக்கும் குறைவான மின்னேற்றத்தாலேயே கெடக்கூடியவை. அதாவது, வேலை செய்பவர் எதையும் உணராமலே சில்லைக் கொன்றுவிடலாம். மணிக்கட்டில் நிலத்தொடுப்புப் பட்டி அணிவதை வீண் ஆடம்பரம் என நகைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாம் பொருத்தியபின் மின்னைக் கொடுத்தால், திரை சில நிமிடங்கள் இருண்டே கிடக்கும். செயலிகள் தம் நினைவகத் தகடுகள் ஒவ்வொன்றையும் சோதித்துப் பழகிக்கொள்ளும் நேரம் அது. பொறுமையின்றி நிறுத்தி நிறுத்தி இயக்குவோர், இல்லாத பழுதைத் தேடி அலைவர். தேநீர் ஒன்று அருந்தி வரலாம்.

திரை விழித்ததும் பயோஸ் எனப்படும் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, இரு செயலிகளும் முழு நினைவகமும் தெரிகின்றனவா எனப் பார்த்தல் முதல் வேலை. மின்தடைக்குப் பின் கணினி என்ன செய்ய வேண்டும் என்னும் அமைப்பு அடுத்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதையும் கண்ட நாட்டில் இது சிறிய காரியமன்று. அணைந்தபடியே இரு, பழைய நிலைக்குத் திரும்பு, தானே எழு என்னும் மூன்று தெரிவுகள் உண்டு. ஆள் காவலற்ற அலுவலகத்துக்கு மூன்றாவதே ஏற்றது. ஆனால் யூ.பீ.எஸ். பற்றறி ஓரளவு நிரம்பும் வரை அது மின்னை வெளிவிடாதவாறும் அமைக்க வேண்டும். இல்லையேல் மின்சாரம் வந்து வந்து போகும் வேளையில் சேர்வர் எழுந்து எழுந்து விழும்.

பலகையில் மூன்றாவதாக ஒரு சிறிய மூளையும் உண்டு. அது மேற்பார்வைச் சில்லு. கணினி அணைந்திருக்கும்போதும், மின்வடம் இணைந்திருக்கும் வரை அது விழித்திருக்கும். தனக்கென ஒரு வலையமைப்பு வாயில் உடையது. அதன் வழியே தொலைவிலிருப்பவர் வெப்பநிலையைப் பார்க்கலாம், திரையைப் பார்க்கலாம், கணினியை எழுப்பலாம். பழுது பார்ப்பவர் கொழும்பிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து வரவேண்டிய ஊருக்கு, இரண்டாவது செயலியைக் காட்டிலும் இச்சிறு சில்லே பெரும் பயன் தருவது எனலாம். அதன் கடவுச்சொல்லைப் பல உற்பத்தியாளர் பலகையின் மீதே சிறு தாளில் ஒட்டி அனுப்புகின்றனர். பெட்டியை மூடுமுன் அதனைக் குறித்துக்கொண்டு, முதல் நாளே மாற்றிவிட வேண்டும். இவ்வாயிலைப் பொது இணையத்துக்குத் திறந்துவைப்பது, களஞ்சியத்தின் திறப்பைக் கடைத்தெருவில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

பதிவேடுகளின் பாதுகாப்புக்கோ வேறு வழியே தேட வேண்டும். இரண்டு செயலி வாங்கும் பணத்தில், ஒற்றைச் செயலிக் கணினிகள் இரண்டை வாங்கி வேறு வேறு கட்டடங்களில் வைப்பது பல அலுவலகங்களுக்குப் போதும். 2019 முதல் ஒரே செயலிக்குள் அறுபத்து நான்கு கணக்கிடும் கருக்கள் அடங்கியவை கிடைக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கரையேறியதைக் கண்ட மாவட்டத்தில், இரண்டாவது பிரதி மேல்மாடியிலோ உள்நாட்டு ஊரொன்றிலோ இருப்பது அறிவுடைமை.

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு பற்றறியும் உண்டு; சீ.ஆர்.2032 என்பது அதன் பெயர். சில ஆண்டுகளில் அது ஓய்ந்துவிடும். ஓய்ந்தபின் ஒருமுறை மின்சாரம் நின்றால், கணினியின் நாட்காட்டி பழைய ஆண்டொன்றுக்குத் திரும்பும். சில பலகைகளில் செய்துவைத்த அமைப்புகளும் அழியும். தேதி பிழைத்தால் பாதுகாப்பான இணைய இணைப்புகள் மறுக்கப்படும். ஆதலால் அமைப்புகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவைப்பர் தேர்ந்தோர். அந்தப் பற்றறியை மட்டும் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. திருகோணமலை நகரின் கைக்கடிகாரக் கடைகளிலேயே கிடைக்கும்.