ஒரு மார்க்கின் விலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கவர்மெண்ட் வேலைக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். நான் கணக்கு வாத்தியார். ஆகவே ஒரு கணக்கையே சொல்கிறேன்.

2013 ஆகஸ்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. மொத்தம் 150 மார்க். நம்ம செட்டுத் தோழி ஒருவர் 104 வாங்கினார். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் நான் ப்ளஸ் டூ கணக்குச் சொல்லிக் கொடுத்த மாணவி ஒருத்தி 98 வாங்கினாள். இரண்டு பேருக்கும் ஒரே பாடம், ஒரே இடஒதுக்கீட்டுப் பிரிவு. ஆறு மார்க் கூட வாங்கியவர் முன்னால் நிற்பார் என்றுதானே நினைப்போம்?

அங்கேதான் வெயிட்டேஜ் வந்தது. 2012 அக்டோபர் அரசாணைப்படி தகுதித் தேர்வுக்கு 60, ப்ளஸ் டூவுக்கு 10, டிகிரிக்கு 15, பி.எட்.டுக்கு 15, ஆக மொத்தம் 100. ஆனால் வாங்கிய மார்க்கை அப்படியே எடுக்கவில்லை. படிக்கட்டு மாதிரி பிரித்துவிட்டார்கள். 60 சதவீதம் முதல் 70-க்குள் இருந்தால் எல்லாருக்கும் 42. 70-ஐத் தொட்டால் 48. அதாவது 90 வாங்கினாலும் 42, 104 வாங்கினாலும் 42. 105 வாங்கினால் மட்டும் 48! ஒரு கேள்விக்கு விலை ஆறு மார்க்; நடுவில் பதினாலு கேள்விக்கு விலையே இல்லை.

இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். நாகமுத்து அவர்கள், இந்தப் படிக்கட்டு முறை செல்லாது என்றார். மே 30-ஆம் தேதி புது அரசாணை வந்தது. அதன்படி வாங்கிய மார்க்குக்கு நேர் விகிதம். தகுதித் தேர்வில் ஒரு மார்க்குக்கு 0.4.

தோழி என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "இப்போ போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். அவருக்கு ப்ளஸ் டூவில் 1200-க்கு 720. எங்க காலத்தில் அதற்கே தெருவுக்கு மிட்டாய் கொடுத்தோம்! மாணவிக்கு 1100. டிகிரியும் பி.எட்.டும் இருவருக்கும் சமம். தோழிக்கு 41.6-உம் 6-உம் சேர்த்து 47.6. மாணவிக்கு 39.2-உம் 9.17-உம் சேர்த்து 48.37. பழைய முறையில் ஆறு மார்க் பின்னால் இருந்தவர், இப்போது முக்கால் மார்க் பின்னால். ஆனாலும் பின்னால்தான்.

"ஏனுங்க, நீங்க வாங்க வெச்ச மார்க்குதானுங்க என் வேலையக் கொண்டு போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 1100-க்காக அந்தப் பெண்ணும் ராத்திரி பகலாக உழைத்தவள்தான். அவள் மேல் என்ன தப்பு?

இந்தப் புது முறையையும் எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பல வருடம் முன்பு படித்தவர்களுக்குப் பாதிப்பு என்ற வாதத்தையும் வைத்தார்கள். 2016 நவம்பர் 9-இல் தீர்ப்பு வந்தது: எதற்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்பது அரசின் கொள்கை முடிவு, அதில் தலையிட முடியாது.

இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கே கோணலாக இருந்தால் கோர்ட் உடைக்கிறது. கணக்கு நேராக இருந்து, நமக்குக் கஷ்டமாக மட்டும் இருந்தால் விட்டுவிடுகிறது. உத்தரப் பிரதேச சிவில் நீதிபதித் தேர்வு வழக்கிலும் இப்படித்தான். எல்லாரும் ஒரே தாள் எழுதும் இடத்தில் 'ஸ்கேலிங்' பொருந்தாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஏற்கெனவே வேலையில் சேர்ந்தவர்களை அது எடுக்கவில்லை. ஜெயித்தாலும் போன நாற்காலி திரும்பி வருவது துர்லபம்.

கோர்ட் மாற்றாத வெயிட்டேஜை 2018 ஜூலையில் அரசே நீக்கியது. தகுதித் தேர்வு தகுதிக்கு மட்டும், வேலைக்குத் தனிப் போட்டித் தேர்வு என்றது. பட்டதாரி ஆசிரியருக்கான அந்தத் தேர்வு 2024 பிப்ரவரியில்தான் நடந்தது. அதற்குள் தோழிக்கு ஐம்பதை எட்டும் வயது.

தம்பி, தங்கைகளே, மூன்றே விஷயம். அறிவிப்பு வந்தவுடன் மார்க் கணக்கிடும் விதியை முதலில் படியுங்கள்; உங்கள் மார்க்கைப் போட்டுப் பாருங்கள். விதி கோணல் என்று தெரிந்தால் அப்போதே கேளுங்கள், ரிசல்ட் வந்த பிறகு கேட்டால், "பரீட்சை எழுதும்போது தெரியாதா?" என்பார்கள். மூன்றாவது, வழக்கு வக்கீலிடம் இருக்கட்டும். உங்கள் வாழ்க்கையை அந்தக் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

தோழி இன்று வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறார். முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சதவீதக் கணக்குத்தான் சொல்லித் தருகிறாராம்.