ஆற்றுத் துறையும் நம் கடமையும்



நாம் சீவும் பால் ஆலைக்குப் போய் ரப்பராகிறது. அதன்பின் எங்கே போகிறது என்று நம் பிள்ளைகள் வகுப்பில் கேட்பதுண்டு. நம் பாட்டன்மார் காலத்தில் மலாயாத் தோட்டங்களின் ரப்பரில் ஒரு பெரும் பங்கு சிங்கப்பூருக்குத்தான் போயிற்று. அங்கே ஆற்றங்கரைக் கிடங்குகளில் ரப்பரும் அரிசியும் மற்றச் சரக்குகளும் குவிந்து கிடக்கும்.

சிங்கப்பூர் ஆறு ஆழம் குறைந்தது. பெரிய கப்பல் அதற்குள் நுழைய முடியாது. ஆகவே கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, தொங்கான் முதலிய சரக்குப் படகுகள் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடின. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் படகுத் தொழிலில் முன்னின்றவர்கள் சூலியர் எனப்பட்ட நம் தமிழ் முஸ்லிம்கள். பின்னர் சீனர்கள் மிகுந்தனர். குறுகிய பலகைமேல் மூட்டை சுமந்து நடந்தவர்களின் தோள்வலியால் நகரம் செழித்தது.

சரக்கு கைமாறிப் போய்விடும். சிந்திய எண்ணெயும் கூட்டித் தள்ளிய குப்பையும் எங்கே போகும்? ஆற்றிலேயே தங்கின. படகுக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கழிவுநீர்க் குழாய் இல்லாத வீடுகள், தெருவோரக் கடைகள், மேற்புறத்துப் பன்றிப் பண்ணைகள் ஆகிய எல்லாவற்றின் கழிவும் ஆற்றில்தான் சேர்ந்தது. தண்ணீர் கறுத்து நாற்றமெடுத்தது.

1977இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் ஆற்றைத் தூய்மைப்படுத்த வேண்டுமென்று கூறினார். சேற்றை அள்ளுவதோடு அந்த வேலை முடியவில்லை. அழுக்கு புறப்படும் இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. 1972இலேயே தஞ்சோங் பகாரில் கொள்கலன் துறை வந்துவிட்டதால் படகு வேலையும் குறையத் தொடங்கியிருந்தது. 1983இல் ஏறத்தாழ 800 படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987இல் ஆறு தெளிந்தது. ஆனால் தலைமுறைகளாக அந்த ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் பழகிய துறையை விட்டுப் போகும்படி ஆயிற்று.

இனி, வடகிழக்கிலுள்ள பொங்கோலைப் பார்ப்போம். குடிநீர் சேரும் பகுதிகளிலிருந்த பன்றிப் பண்ணைகள் பல, 1970களில் அங்கே மாற்றப்பட்டன. ஓர் ஆற்றின் சுமையை இன்னோர் ஆறு ஏற்றது. அது நிலைக்கவில்லை. பன்றி வளர்ப்பையே நிறுத்துவதென 1984இல் அரசு முடிவெடுத்தது. 2011இல் பொங்கோல் ஆறும் சிராங்கூன் ஆறும் அணையிட்ட நீர்த்தேக்கங்களாகித் திறக்கப்பட்டன. முன்பு பண்ணைகள் இருந்த வட்டாரத்து நீர் இன்று குடிநீருக்கு உதவுகிறது. அழுக்கை இடம் மாற்றுவது தீர்வாகாது, பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

துறைமுகம் நமக்குத் தொலைவு, ஓடை தொலைவல்ல. ஓடை ஆற்றில் சேர்கிறது. ஆறு துறைக்குப் போகிறது. மருந்தடிக்கும் பம்பை ஓடையில் கழுவ வேண்டாம். காலியான மருந்து டின்னில் தண்ணீர் மொள்ள வேண்டாம். அதை ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுப்போம். பழைய இயந்திர எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாமல் பீப்பாயில் சேர்ப்போம். பாலை உறையவைத்த ஆசிட் கலந்த கழிவுநீர், குட்டையில் சுத்தமாகாமல் வெளியேறுவதைக் கண்டால், நாலு பேர் சேர்ந்து நிர்வாகத்திடம் சொல்லுவோம். அந்தத் தண்ணீரில்தான் கீழ்ப்புறத்தில் யாரோ ஒரு தாய் உலை வைக்கிறாள்.