டெங்குக் கொசு நம் வீட்டுத் தண்ணீரில்தான் பிறக்கிறது
(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பங்களுக்கான நலவாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



2012-ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க முடியாது. தென்காசி ரோட்டில் இருக்கும் கடையநல்லூரில் டெங்குக் காய்ச்சல் தெருத் தெருவாகப் பரவியது. அந்த ஓராண்டில் தமிழகத்தில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 60 பேருக்கு மேல் மவுத்தானார்கள்.

இந்தக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நல்ல தண்ணீரில் பிறக்கிறது. குழாயில் தினமும் தண்ணீர் வராததால் குடம், டிரம், சிமெண்ட் தொட்டி என்று பிடித்து வைக்கிறோம். பிடித்து வைப்பது குற்றமில்லை, மூடாமல் வைப்பதுதான் குற்றம். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் தொட்டியின் ஓரத்தில் ஒட்டிய முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். அதனால் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். போன மழைக்காலத்தில் கொசுப்புழு பார்க்க வந்த பணியாளரை, "இங்கே எல்லாம் சுத்தம்தான்" என்று வாசலோடு அனுப்பப் பார்த்தோம். அவர் விடவில்லை. நம் அலுவலக ஃபிரிட்ஜின் பின்தட்டில் புழு நெளிந்தது. வெட்கமாகப் போயிற்று.

பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று கதவு திறக்காத வீடுகள் நம்மிடம் உண்டு. வரும் பணியாளர்களில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே அழையுங்கள். தொட்டியில் அளவோடு விடும் அபேட் மருந்து புழுவைக் கொல்லும், நமக்குக் கெடுதல் செய்யாது. பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் ஹவுளில் கப்பி மீன் விட்டால் அது புழுவைத் தின்றுவிடும்.

இது பகலில் கடிக்கும் கொசு. பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும் வலை கட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம். ரத்தக் கசிவு கூடும். மூன்று நாளுக்குப் பின் சூடு இறங்கியதும் "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். ஆபத்து அப்போதுதான் வரும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடத்தல், இதில் எது கண்டாலும் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அந்த சுன்னத்தை டிரம்முக்கும் தொட்டிக்கும் கொண்டு போவோம். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன் வீட்டுத் தொட்டியைத் தேய்த்துவிடுவோம். நம் தொட்டியில் பிறக்கும் கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். அண்டை வீட்டாரின் ஹக்கு நம்மீது இருக்கிறது.

அல்லாஹ் நம் இரு ஊர்களையும் காப்பானாக. ஆமீன்.