கவனத்தை எங்கே பாய்ச்சப் போகிறீர்கள்?



இன்று பட்டம் பெறும் இளையோரே, இந்த மண்டபத்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததும் ஊரே உங்களிடம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்தது என்ன? வேலை ஏதும் சரிவந்ததோ?" நான் அதைக் கேட்கப் போவதில்லை. அரச நியமனமும் வெளிநாட்டு விசாவும் யாரோ ஒருவருடைய மேசையில் கிடக்கின்றன. பெருமளவுக்கு உங்கள் கையிலேயே இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் பேச வந்தேன். அது உங்கள் கவனம்.

என் ஊரான உடுப்பிட்டியில் 1829இல் பிறந்தவர் கு. கதிரைவேற்பிள்ளை. வைமன் கதிரைவேற்பிள்ளை என்றும் அவரை அழைப்பார்கள். புலவர் குமாரசுவாமி முதலியாரின் மகன். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து, சட்டம் பயின்று, ஊர்காவற்றுறையில் நீதவானாக இருந்தார். நீதிமன்றத்துக்கு வருவது என்னவென்று உங்களுக்குத் தெரியும்: எல்லைச் சண்டை, காணிப் பிணக்கு, களவு, கைகலப்பு. ஒருவருடைய மனம் கசந்துபோக அவையே போதும். அந்தத் தொழிலைச் செய்த மனிதர் தமிழ்ச் சொற்களைத் திரட்டிப் பொருள் எழுதும் வேலையையும் தலைமேல் போட்டுக்கொண்டார். கணினி இல்லாத காலத்தில் 60,000க்கு மேற்பட்ட சொற்கள். 1904இல் அவர் காலமானபோது அந்த அகராதி முழுமையாக அச்சேறியிருக்கவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கம் அதை 1910 முதல் 1923 வரை மூன்று பாகங்களாக வெளியிட்டது. சங்க அகராதி என்று அறிஞர் உலகம் இன்றும் குறிப்பிடுவது அதைத்தான். தன் முன்னே வந்து விழுந்தவற்றோடு நின்றுவிடாமல், எதைப் பார்ப்பது என்று தானே தெரிவுசெய்த ஒருவரின் பெயர் நூறாண்டு கடந்தும் நிற்கிறது.

பெயர் நிற்பது ஒரு பக்கம். வாழ்கிற நாளிலேயே கிடைக்கிற மகிழ்ச்சி இன்னொரு பக்கம். 2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மத்தியூ கில்லிங்ஸ்வேர்த், டானியல் கில்பேர்ட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் கைத்தொலைபேசி வழியே நாளின் பல வேளைகளில் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? கேட்ட வேளைகளில் 46.9 வீதமானவற்றில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த வேளைகளில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதைக் காட்டிலும், மனம் அதில் ஒன்றியிருந்ததா என்பதே அவர்களின் மகிழ்ச்சியைக் கூடுதலாக உணர்த்தியது.

கவனத்தின் அருமையை நம் யாழ்ப்பாண மண்ணே சொல்லும். வற்றாத ஆறு ஒன்றும் ஓடாத மண் இது. சுண்ணாம்புப் பாறையில் தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். அதனால்தான் தோட்டக்காரர் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார். கவனமும் அளவோடு ஊறுகிற நீர்தான். கிணறு உங்களுடையது; ஆனால் மண்வெட்டி யார் கையில்?

இப்போது அது பெரும்பாலும் கைத்தொலைபேசியின் கையில். ரொறன்ரோவில் கூடப்படித்தவன் வாங்கிய கார், லண்டனில் மச்சாள் குடிபோன புது வீடு, யார் யாரோடு கோபம் என்ற விடுப்பு. இவற்றைப் பார்த்துப் பார்த்தே நம் வாழ்வு நமக்குச் சிறுத்துப்போகிறது. உண்மையில் வாழ்வு சிறுக்கவில்லை. நாம்தான் அதைப் பார்க்காமல் விட்டோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மண்ணுக்குத் துரோகமாகிவிடும். போரில் உறவுகளை இழந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் இங்கே பலர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைக் கையில் ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். கெட்டதை மறந்து நல்லதை மட்டும் பாருங்கள் என்று உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது சரியும் இல்லை. அந்தத் தாய்மாரும் உங்கள் கவனத்துக்கு உரியவர்கள். ஒருவருடைய துயரத்தைப் பக்கத்தில் இருந்து கேட்பதும் கவனத்தைத் தெரிவுசெய்வதுதான். வீணாவது எது? நம்மால் மாற்றவும் முடியாமல், ஆறுதல் சொல்லவும் முடியாமல், வெறுமனே பார்த்துப் பொருமுகிற நேரம்தான்.

பட்டதாரிகளே, எளிய வேண்டுகோள் ஒன்றோடு முடிக்கிறேன். நீங்கள் விரும்பித் தெரிந்தெடுத்த ஒரு வேலைக்கு நாளில் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அது ஆராய்ச்சியாக இருக்கலாம், தோட்டமாக இருக்கலாம், அயலிலுள்ள பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் கைத்தொலைபேசி வேறு அறையில் கிடக்கட்டும். உங்களைப் படிப்பித்து ஆளாக்கிய அம்மா, அப்பாவோடு பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அதை இன்று, வீட்டுக்குப் போகும் வழியிலேயே தொடங்குங்கள்.