நிலவும் நமது கமராவும்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஏறுவோர் சமயத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நாமோ நிலவைப் படம் பிடிப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று தள்ளிவிட வேண்டாம். ஒன்றை உள்ளபடி பார்ப்பது எப்படி என்று நமக்குக் கற்றுத்தந்த பாடம் இது.

முதலில் எமது தோல்வியைச் சொல்லிவிடுகிறோம். ஒரு போயா தினத்து மாலையில், நமுனுகுல மலைப் பக்கமாக முழுமதி எழுந்தது. லயத்து வாசலில் நின்று பார்த்தால் தாம்பாளம் போலத் தெரிந்தது. ஆசையோடு படம் எடுத்தோம். வந்தது என்ன? கரிய சுவரில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளைப் புள்ளி! அதில் முயலும் இல்லை, வடை சுடும் பாட்டியும் இல்லை. கமராவைக் குறை கூறினோம். குறை கமராவில் இல்லை. எமது எண்ணத்தில் இருந்தது.

இரவுப் படத்துக்கு நிறைய ஒளி வேண்டும் என்று நாம் எண்ணினோம். இருட்டு நமக்குத்தான், நாம் காணும் நிலவின் முகத்திலோ அப்போது நல்ல பகல்! வெயிலில் கிடக்கும் தேயிலை மலையைப் பிடிப்பதுபோலவே அதையும் பிடிக்க வேண்டும். நிலவின் தரை வெண்மையானதும் அன்று. தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய நூற்றுக்கு 12 பங்கையே அது திருப்பித் தருகிறது. நமது பழைய தார் வீதியும் அவ்வளவுதான் தரும். கரிய வானத்தின் நடுவே இருப்பதால் அது வெள்ளித் தட்டாகத் தோன்றுகிறது.

ஆகவே முழுமதிக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, ஒரு விநாடியில் 125இல் ஒரு பங்கு என்று தொடங்கலாம். பிறைக்கு ஒளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். கைத்தொலைபேசி வைத்திருப்போர் திரையில் நிலவைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, தொலைபேசியை ஒரு தூணில் சாய்த்துப் பிடித்தால் போதும்.

இரண்டாவது பிழை அளவைப் பற்றியது. கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்திப் பாருங்கள். முழுமதி அதற்குள் மறைந்துவிடும். மலைக்கு மேல் எழும்போது பெரிதாகத் தெரிவது நம் மனத்தின் மயக்கமே, கமரா மயங்குவதில்லை. 50 மில்லிமீற்றர் வில்லை நிலவை அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகவே பதிக்கும். 200 மில்லிமீற்றருக்குக் குறையாத வில்லை வேண்டும். அது இல்லாதவர் பைனாகுலரின் கண்வில்லையில் தொலைபேசியை ஒட்டிவைத்து எடுக்கலாம்.

எந்த நாள் நல்ல நாள்? முழுமதியன்று வெயில் நேராக விழுவதால் நிழல் இராது. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. வளர்பிறை அட்டமியே மிக நன்று. நல்ல காரியம் எதற்கும் ஆகாது என்று நம் பெரியோர் ஒதுக்கிய அட்டமி, நிலவின் படத்துக்கு உகந்த நாளாகிவிட்டது! அன்று பாதி நிலவின் விளிம்பில் குழிகளும் மலைகளும் நீண்ட நிழலோடு நிற்கும். மாதமும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு ஊவாவுக்கு வறண்டு வருவதால், ஜூன் முதல் செப்டெம்பர் வரை நம் வானம் பெரும்பாலும் தெளிவாயிருக்கும்.

மிஷன் பாடசாலையில் நாம் படித்த ஆங்கிலப் புத்தகங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்தே நாமும் வரைந்தோம். நமது வானத்திலோ அது தோணிபோல மல்லாந்து கிடக்கிறது! பூமத்திய கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய நேர் கீழாக இறங்குவதால், பிறையின் ஒளிப்பக்கம் அடியில் அமைகிறது. மூன்றாம் பிறையைக் கண்டு கைகூப்பும் அம்மாயிமார் எழுத்தறியாமலே அறிந்திருந்த செய்தி இது. நாம் அறிய ஒரு கமரா வேண்டியிருந்தது.

அன்பர்களே, இன்னுமொன்று. நியூயோர்க்கில் 1840இல் டிரேப்பர் என்பவர் நிலவைப் படம் பிடித்த நாள் முதல், அதன் குழிகள் எத்தனையோ படங்களில் பதிந்துவிட்டன. அவற்றுள் பெரியவற்றுக்கெல்லாம் பெயர் உண்டு. வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷலின் பெயரிலும் ஒரு குழி இருக்கிறது. அந்த ஹேர்ஷலை 1867இல் படம் பிடித்தவர் ஜூலியா மார்கரெட் கெமரன் அம்மையார். அதே அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் தமிழ்த் தொழிலாளரையும் படம் பிடித்தார். 1879இல் இம்மண்ணிலேயே மறைந்தார். ஹேர்ஷலின் படத்தில் அவர் பெயர் இருக்கிறது. தொழிலாளர் பலரின் படங்களில் பெயர் இல்லை. பின்வந்த தபாலட்டைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் கூடையும் சிரிப்பும் உண்டு, பெயர் இல்லை. நிலவின் குழிக்குப் பெயர் உண்டு, நம் பாட்டிக்குப் பெயர் இல்லை!

அந்தப் படங்களைப் பிறர் எடுத்தார்கள். இன்று கமரா நம் கையில் இருக்கிறது. அடுத்த வளர்பிறை அட்டமியன்று நிலவைப் படம் பிடியுங்கள். மறுநாள் காலை, கொழுந்தெடுக்கப் புறப்படும் உங்கள் தாயையோ, திண்ணையில் இருக்கும் அம்மாயியையோ, அவர் சம்மதத்தோடு, முகம் தெளிவாகத் தெரியும்படி படம் பிடியுங்கள். ஒளி மிஞ்சினால் நிலவின் முகம் அழிவதுபோல மனித முகமும் அழியும், அளவு முக்கியம். அப்படத்தை அச்சிட்டு, பின்புறத்தில் பெயரையும் தோட்டத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். நிலவை நூறு ஆண்டுக்குப் பின்னும் எவரும் எடுக்கலாம். அவர்களை இன்றுதான் எடுக்கலாம்.